மண்ணின் மகிமையா?

நம் நாட்டிலே ஊருக்கு ஊர் ஒரு தலபுராணம் உண்டு. இந்தக் குளத்திலே மூழ்கினால் குட்டம் தீரும், இந்த மரத்தைச் சுற்றினால் மகப்பேறு கிட்டும், இந்த மண்ணை நெற்றியிலே பூசினால் ஏழு பிறவிப் பாவமும் ஒழியும் என்று எழுதி வைத்தார்கள். ஊர் ஏன் உயர்ந்தது என்று கேட்டால், மண்ணின் மகிமை என்றார்கள். குளம் வெட்டியவன் பெயர் அந்தப் புராணத்திலே இராது. கல் சுமந்தவன் பெயர் இராது. அவனுக்குக் கூலி கிடைத்ததா, கசையடி கிடைத்ததா என்ற கணக்கும் இராது. மகிமை மண்ணுக்கு, காணிக்கை கருவறைக்கு, உழைத்தவனுக்கு ஊர்க்கோடி!

அந்தப் புராணங்களை நகைத்துத் தள்ளிவிட்ட படிப்பாளிகள் சிலர், இன்று வேறொரு தலபுராணத்தைப் பக்தியோடு படிக்கக் காண்கிறோம். அதற்குரிய தலம், அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியா மாநிலத்திலே இருக்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கு. அங்கே ஒரு மோட்டார்க் கொட்டகைக்குள் இரண்டு இளைஞர்கள் புகுந்தார்களாம். கோடீசுவரர்களாக வெளியே வந்தார்களாம். அங்குள்ள காற்றிலேயே அறிவு கலந்திருக்கிறதாம். அரசாங்கங்கள் அந்தப் பெயரைக் கடன் வாங்கித் தம் ஊர்களுக்குச் சூட்டுகின்றன. திருப்பதிக்குப் போக இயலாதவன் உள்ளூர்க் குன்றுக்குச் சின்னத் திருப்பதி என்று பெயரிட்டுக் கும்பிடுவது போல, பெயரைச் சூட்டிவிட்டால் பேறும் பின்தொடரும் என்று எண்ணுகிறார்கள்.

நாம் கேட்கிறோம்: நிலக்கரியும் இரும்புத்தாதும் கிடைக்கும் இடத்திலே உருக்காலை எழுவது புரிகிறது. பருத்தி விளையும் கரிசல் காட்டுக்கு அருகிலே நூலாலை எழுவதும் புரிகிறது. மூளையையே மூலப்பொருளாகக் கொண்ட நுண்கருவித் தொழிலும், கற்பனையையே மூலதனமாகக் கொண்ட கலைத் தொழிலும் ஏன் சில இடங்களிலே மட்டும் குவிந்து கிடக்கின்றன? சிலிக்கான் மணலிலே உள்ள பொருள். மணல் இல்லாத நாடு ஏது? மூளை எல்லா நாட்டிலும், எல்லாச் சேரியிலும், எல்லாக் குடிசையிலும் பிறக்கிறது. பின், ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் ஏன் இந்த வாழ்வு? வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

நூறாண்டுகட்கு முன்பு அந்த இடத்தை உலகம் அறிந்தது சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு என்ற பெயரால். பிளம், ஆப்ரிகாட், செர்ரி மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. இதயம் களிக்கும் பள்ளத்தாக்கு என்று அதைப் பாராட்டினார்கள். பழம் பறிப்பது, வெயிலிலே உலர்த்துவது, தகர டப்பாவிலே அடைப்பது, இவைதான் தொழில்கள். அன்றிருந்த மண்தான் இன்றும் இருக்கிறது, வானமும் மாறவில்லை. மண்ணிலே மகிமை இருந்திருக்குமானால், அது அத்தனை காலம் பழமரங்களின் அடியிலே உறங்கிக் கிடந்தது ஏன்?

மாறியது மண்ணன்று; மனிதர் செய்த ஏற்பாடுகள் மாறின. முதல் ஏற்பாடு, ஒரு பல்கலைக் கழகம். லீலண்டு ஸ்டான்போர்டு என்ற இருப்புப்பாதைச் சீமான், இறந்துபோன தம் ஒரே மகனின் நினைவாக 1885இல் அதை நிறுவினார்; 1891இல் அது திறக்கப்பட்டது. இந்தச் சீமானைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1862இல் கலிபோர்னியாவின் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது, ஆசியாவிலிருந்து வருவோர் தாழ்ந்த இனத்தார், அவர்கள் குடியேறுவதை ஊக்குவிக்கலாகாது என்ற பொருள்படப் பேசியவர் அவர். பிறகு அவருடைய கம்பெனிக்காக மலையைக் குடைந்து, பனியிலே புதைந்து, 1869இல் முடிவுற்ற பாதையை அமைத்துத் தந்தவர்கள் ஆயிரமாயிரம் சீனத் தொழிலாளர்கள்! பாதை முடிந்தது, பதின்மூன்று ஆண்டுகளில், 1882இல், சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் நுழையவே தடைச் சட்டம் வந்தது. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று. இந்த நோயை இந்தப் பள்ளத்தாக்கிலே மீண்டும் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

கொட்டகைக் கதைக்கு வருவோம். ஹியூலட், பாக்கார்டு என்ற இருவர், 538 டாலர் முதலோடு, பாலோ ஆல்டோ நகரத்துக் கொட்டகையொன்றிலே 1939இல் தொழில் தொடங்கினர். உண்மை, மறுக்கவில்லை. அந்தக் கொட்டகை 1987இல் மாநிலத்தின் வரலாற்றுச் சின்னங்களிலே ஒன்றாகவும் ஆக்கப்பட்டது. ஆனால் புராணம் சொல்லாதது என்ன? இருவரும் ஸ்டான்போர்டின் மாணவர்கள். அவர்களை ஊக்கி, இணைத்து, இந்த ஊரிலேயே தொழில் தொடங்கும்படி தூண்டியவர் அவர்களுடைய மின்பொறியியல் ஆசிரியர் பிரடெரிக் டெர்மன். தேறிய மாணவர்கள் வேலை தேடிக் கிழக்குக் கரைக்கு ஓடிவிடுகிறார்களே என்று கவலைப்பட்டு, வேலையை இங்கே உண்டாக்க முனைந்தவர் அவர். ஆசிரியர் இல்லாமல், ஆய்வுக்கூடம் இல்லாமல், கொட்டகை மட்டும் இருந்திருந்தால், அதிலே மோட்டார் வண்டிதான் நின்றிருக்கும்!

புராணம் மறைக்கும் மற்றொன்று பொதுப் பணம். இரண்டாம் உலகப் போரிலே டெர்மன், ஹார்வர்டிலே அமைந்த வானொலி ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைமை தாங்கினார். பகைவரின் ராடாரை ஏமாற்றும் கருவிகளை அங்கே அரசாங்கச் செலவிலே ஆக்கினார்கள். அந்தப் பட்டறிவோடு அவர் 1946இல் திரும்பி வந்து, அரசாங்க ஆராய்ச்சிப் பணத்தைப் பல்கலைக் கழகத்துக்குள் திருப்பினார். விற்கக் கூடாது என்று நிறுவியவர் விதித்துவிட்ட நிலத்திலே ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டு, 1951இல் ஒரு தொழிற்பேட்டையை எழுப்பினார்கள். பிறகு ஏவுகணைத் தொழிற்சாலை வந்தது. விண்வெளிப் போட்டி வந்தது. நுண்மின் சுற்றுகள் விலை மிகுந்த விந்தைப் பொருள்களாக இருந்த நாளிலே, அவற்றை வாங்கியவர் யார்? வீட்டுக்காரரா, கடைக்காரரா? மினிட்மேன் ஏவுகணையும், நிலவுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ கலமும்! வரி கொடுத்த குடிமகனின் பணம் முதல் வாடிக்கையாளனாக நின்றது. அந்த வாடிக்கை கிடைத்ததால்தான் உற்பத்தி பெருகியது. பெருகியதால் விலை வீழ்ந்தது. விலை வீழ்ந்ததால் ஊரார் கைக்கு வந்தது. தனிமனிதனின் துணிவு என்று மேடையிலே முழங்குகிறார்களே, அந்தத் துணிவுக்குப் பின்னால் நின்றது பொதுக் கருவூலம்.

பல்கலைக் கழகமும் பணமும் போதுமா? போதா. பாஸ்டன் நகரத்துக்கு இரண்டும் இருந்தன. இன்னும் அதிகமாகவே இருந்தன. அப்படியானால் பள்ளத்தாக்குக்கு மட்டும் வாய்த்தது என்ன? இங்கேதான், தோழர்களே, இந்த வரலாற்றின் நடுக்கட்டத்துக்கு வருகிறோம்.

டிரான்சிஸ்டர் என்ற சிறு கருவி பிறந்தது இந்தப் பள்ளத்தாக்கிலே அன்று. கிழக்கே, நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்திலே, 1947இல். அதை ஆக்கியதற்காக பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி மூவரும் 1956இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த ஆய்வுக்கூடம் தொலைபேசி ஏகபோகக் கம்பெனிக்கு உரியது. அரசாங்கம் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. 1956இல் ஏற்பட்ட உடன்பாட்டுத் தீர்ப்பின்படி, அந்தக் கம்பெனி ஏற்கெனவே பெற்றிருந்த காப்புரிமைகளைப் பிறர் கட்டணமின்றிப் பயன்படுத்த வழி பிறந்தது. பெட்டகத்திலே பூட்டிய அறிவைச் சட்டம் பொதுவிடத்துக்குக் கொண்டு வந்தது. ஓதக் கூடாது, கேட்கக் கூடாது, கேட்டால் காதிலே ஈயம் என்று விதித்த மரபை அறிந்த நமக்கு, இந்தத் தீர்ப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

மூவரிலே ஒருவரான ஷாக்லி, தாம் வளர்ந்த பாலோ ஆல்டோவுக்கு அருகிலே, மவுண்டன் வியூ என்ற ஊரிலே 1956இல் சொந்தக் கூடம் அமைத்தார். நாடெங்கும் தேடித் திறமை மிக்க இளைஞர்களைத் திரட்டினார். திரட்டியவர் தலைவராக இருக்கவில்லை, எசமானாக இருந்தார். ஐயம், அதட்டல், வேவு. ஊழியர் ஒருவர் கையிலே சிறு காயம் பட்டதற்குச் சதி என்று எண்ணி, பொய் அறியும் கருவியிலே ஊழியர்களைச் சோதிக்க வேண்டும் என்றார்! பின்னாளிலே இவர், அறிவு குருதியிலே வருவது, கறுப்பர் பிறப்பிலேயே தாழ்ந்தவர் என்று ஊர் ஊராகப் பேசித் திரிந்தார். அறிவு குறைந்தவராகக் கணிக்கப்பட்டோர்க்குப் பணம் கொடுத்து மலடாக்கலாம் என்றுகூடத் திட்டம் கூறினார். இந்தப் பேதைமையிலே ஒரு வேடிக்கையும் உண்டு. நாம் மேலே கண்ட டெர்மனின் தந்தை லூயிஸ் டெர்மன், சிறுவர்களின் அறிவை எண்ணால் அளக்கும் சோதனையைப் பரப்பியவர். பிறவி மேதைகளைப் பொறுக்கியெடுக்க 1920களின் தொடக்கத்திலே கலிபோர்னியாச் சிறுவர்களைச் சோதித்தார். அந்தச் சோதனையிலே தேறாமல் தள்ளப்பட்ட சிறுவர்களிலே ஒருவர் ஷாக்லி! எந்த அளவுகோல் தம்மை அறிவிலே குறைந்தவர் என்று ஒதுக்கியதோ, அதே அளவுகோலைக் கையிலே பிடித்துக்கொண்டு, ஓர் இனத்தையே ஒதுக்கப் புறப்பட்டார் நோபல் பரிசு பெற்ற அறிஞர். நுண்கருவியை அறிந்தவன் மனிதனையும் அறிந்தவனாக இருப்பான் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இவர் போதும்.

1957இல் அவருடைய கூடத்திலிருந்து எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறினர். ஒருவர் அயோவா மாநிலத்துப் பாதிரியாரின் மகன், ஒருவர் சுவிட்சர்லாந்துக்காரர், ஒருவர் வியன்னாவிலே பிறந்து, இட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதக் குடும்பத்தவர். துரோகிகள் எண்மர் என்று அவர்களுக்குப் பெயர் ஏற்பட்டது. எசமானைவிட்டு வெளியேறுகிறவனை எசமானர் உலகம் வேறெப்படி அழைக்கும்? ஆளுக்கு 500 டாலர் போட்டு, நியூயார்க் பக்கத்துக் கம்பெனியொன்றின் பெருமுதலையும் பெற்று, பக்கத்து ஊரிலேயே பேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களுடைய முதல் விற்பனை நூறு டிரான்சிஸ்டர்கள். ஒன்றின் விலை 150 டாலர். வாங்கிய கம்பெனிக்கு அவை தேவைப்பட்டது போர் விமானம் ஒன்றின் கணிப்பொறிக்காக. அந்த நிறுவனத்திலே 1959இல், டிரான்சிஸ்டரைத் தட்டையாகச் செதுக்கும் முறை பிறந்தது. அதன்மேல் நுண்மின் சுற்றை அமைக்கும் வழியும் பிறந்தது. முந்திய ஆண்டிலே டெக்சாசிலே கில்பி என்பவர் வேறு வழியிலே அதைச் செய்து காட்டியிருந்தார்.

இப்போது எண்ணிப் பாருங்கள். எண்மர் வெளியேறினர், கற்றதை மூளையிலே சுமந்துகொண்டு, அடுத்த தெருவிலே போட்டிக் கடை விரித்தனர். எசமானர் ஏன் அவர்களைத் தடுக்கவில்லை? எம்மைவிட்டுப் போனால் இத்தனை ஆண்டு இதே தொழிலைச் செய்யலாகாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கும் வழக்கம் அமெரிக்காவின் பல மாநிலங்களிலே செல்லுபடியாயிற்று. கலிபோர்னியாவிலே செல்லாது! 1872இல் அந்த மாநிலம் ஏற்ற உரிமையியல் சட்டத் தொகுப்பு, முறையான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவனைத் தடுக்கும் ஒப்பந்தம், சில விலக்குகள் நீங்கலாக, செல்லாது என்று விதித்திருந்தது. அந்தத் தொகுப்பின் மூல மாதிரியை எழுதியவர் டேவிட் டட்லி பீல்டு என்ற நியூயார்க் வழக்கறிஞர். அவர் எழுதியது நியூயார்க்குக்காக. நியூயார்க் அதை ஏற்கவில்லை, கலிபோர்னியா ஏற்றது. மின்விளக்கே ஊருக்குள் வராத காலம் அது. மின்னணுவை யார் கண்டார்? மனிதன் எசமானைவிட்டு விலகிப் பிழைக்கலாம் என்ற எளிய நியாயத்தை ஏட்டிலே எழுதி வைத்தார்கள். 85 ஆண்டுகள் கழித்து அது எட்டு இளைஞர்களுக்கு வாயிற்கதவாக நின்றது.

திறந்த கதவு பிறகு மூடவில்லை. பேர்சைல்டிலிருந்து நாய்சும் மூரும் வெளியேறி 1968இல் இன்டெல் தொடங்கினர்; 1971இல் ஒரு கணிப்பொறியின் மூளையை ஒரே சில்லிலே அடக்கிக் காட்டினர். அங்கிருந்தே சாண்டர்சும் தோழர்களும் வெளியேறி 1969இல் இன்னொரு நிறுவனம். எண்மரிலே ஒருவரான கிளெய்னர் 1972இல் புதுத் தொழிலுக்கு முதல் தரும் நிதி நிறுவனம் ஒன்றிலே பங்காளியானார். 1971இல் ஓர் இதழாளர் தம் கட்டுரைத் தொடருக்குச் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று தலைப்பிட்டார். பழமரங்களின் பள்ளத்தாக்கு பெயரும் மாறியது. 1975இலிருந்து, கணிப்பொறிப் பித்துப் பிடித்த இளைஞர்கள் கூடிய மன்றமொன்றிலே, தான் செய்த சுற்றின் படத்தை ஒருவன் மற்றவனுக்கு இலவசமாகக் கொடுத்தான். ஆப்பிளின் முதல் கணிப்பொறி அந்தக் கூட்டத்திலே காட்டப்பட்ட பொருள்தான். ஒரு கம்பெனி விழுந்தால், அதன் அறிவு விழவில்லை. அடுத்த கம்பெனிக்கு நடந்து போயிற்று.

பாஸ்டனைப் பாருங்கள். அங்கே 128ஆம் எண் சாலையோரம் பெரும் கணிப்பொறிக் கம்பெனிகள் கோட்டை கட்டி இருந்தன. உலகப் புகழ் பெற்ற பொறியியல் கல்விக் கழகம் பக்கத்திலே. எனினும் ஒவ்வொரு கம்பெனியும் தன் இரகசியத்தைத் தன் மதிலுக்குள்ளே பூட்டியது. ஊழியன் வெளியேறுவதை நன்றிகெட்ட செயலாகக் கருதியது. தடை ஒப்பந்தங்களை மாசசூசெட்ஸ் மாநில நீதிமன்றங்கள் ஏற்று வந்தன. 1980களின் இறுதியிலே காலம் மாறியபோது கோட்டைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வாங் கம்பெனி 1992இல் திவாலுக்கு விண்ணப்பித்தது. டிஜிட்டல் கம்பெனி 1998இல் வேறொருவர் கைக்குப் போயிற்று. இந்த வேற்றுமையை ஆராய்ந்து 1994இல் நூல் எழுதியவர் அன்னாலீ சாக்சேனியன் என்ற அம்மையார். சட்டம் ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. பழக்கம், முதலீடு, பொருளின் தன்மை எல்லாம் சேர்ந்தன. பாஸ்டனும் மாண்டுவிடவில்லை, உயிர்நுட்பத் தொழிலிலே அது இன்று தலைநிமிர்ந்து நிற்கிறது. அங்கும் 2018இல் அந்தத் தடை ஒப்பந்தங்களுக்கு வரம்பு கட்டிச் சட்டம் செய்தார்கள். பூட்டினவர்களே பூட்டைத் தளர்த்த நேர்ந்தது.

கருவித் தொழிலுக்குப் பொருந்தும் இந்த உண்மை கலைத் தொழிலுக்குப் பொருந்துமா? அதே மாநிலத்தின் தென்கோடியிலே ஆலிவுட் இருக்கிறது, அதையும் பார்ப்போம். வெயிலாலே வளர்ந்தது ஆலிவுட் என்பர். வெயில் உதவியது, மலிவான நிலமும் உதவியது. ஆனால் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரத்திலும் வெயில் இருந்தது. 1910களிலே படக் கம்பெனிகள் பல அங்கேதான் முகாமிட்டன. ஊரார் படக்காரர்களை வெறுத்தனர், 1917இல் அவர்களை எதிர்த்துப் பேசியவரே நகரத் தலைவரானார், தொழில் போயிற்று. கிழக்கே, எடிசனும் கூட்டாளிகளும் 1908இல் காப்புரிமைக் கூட்டணி அமைத்து, எமக்குக் கப்பம் கட்டாதவன் படமெடுக்கலாகாது என்றனர். மீறியவர்மீது வழக்குமேல் வழக்குத் தொடுத்தனர். கட்ட மறுத்தவர் பலர் மேற்கே நடந்தனர். 1911இல் ஆலிவுட்டிலே முதல் படக்கூடம் எழுந்தது. 1915இல் அந்தக் கூட்டணி சட்டத்துக்கு மாறானது என்று நீதிமன்றம் தீர்த்தது. படத்தொழிலைக் கட்டியெழுப்பியவர்கள் யார்? செருமனி, அங்கேரி, போலந்து நாடுகளிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள். துணிக்கடையிலும் கையுறை விற்பனையிலும் காலம் தள்ளியவர்கள். பெரிய மனிதரின் மன்றங்கள் அவர்களைச் சேர்க்கவில்லை. பெரிய மனிதர்கள் கேவலம் என்று ஒதுக்கிய படத்தொழிலிலே அவர்களுக்கு இடம் கிடைத்தது.

ஆனால் ஒடுக்கப்பட்டு வந்தவன், மேலே ஏறியதும் ஒடுக்குபவன் ஆகிவிடுவதும் உண்டு. படக்கூட முதலாளிகள் நடிகரை ஏழாண்டு ஒப்பந்தத்திலே பிணைத்தனர். கொடுத்த வேடத்தை மறுத்தால் வேலையிலிருந்து நிறுத்தி, நிறுத்திய நாள்களையும் ஒப்பந்தக் காலத்தோடு ஒட்டினர். ஏழாண்டு எட்டாகும், ஒன்பதாகும், முடிவே இராது. ஒலிவியா டி ஆவிலண்டு என்ற நடிகை, வார்னர் கம்பெனியை எதிர்த்து வழக்காடினார். 1944இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது: ஏழாண்டு என்றால் நாள்காட்டியிலே ஏழாண்டு, அதற்குமேல் எவரையும் பிணைக்க முடியாது. ஒரு பெண் வென்றாள். கலைஞர் அனைவர்க்கும் கதவு திறந்தது.

கலையறிவும் கால் கொண்டு நடப்பதுதான். தென் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்திலே படக்கலை பயின்ற எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர், உடன் பயின்ற இந்திய நண்பரோடு 1935இல் இந்தியா வந்தார். தமிழ் அறியாமலே தமிழ்ப் படங்களை இயக்கினார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் தோன்றிய 'சதி லீலாவதி' 1936இல் அவர் இயக்கியது. கலைஞர் உரையாடல் எழுதிய 'மந்திரி குமாரி'யை 1950இல் இயக்கியவர்களிலும் அவர் ஒருவர். ஏட்டிலே எழுதி அனுப்பியிருந்தால் வந்திராத பயிற்சி, ஒரு மனிதன் புறப்பட்டு வந்ததால் வந்தது.

தொழில்கள் ஏன் ஓரிடத்திலே குவிகின்றன என்பதை 1890லேயே ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். தொழில் நுணுக்கம், குவிந்து வாழ்கிற ஊரிலே, இரகசியமாக இருக்க இயலாது. ஒருவன் கண்டதை மற்றவன் காண்கிறான், திருத்துகிறான், அதன்மேல் இன்னொன்றைக் கட்டுகிறான் என்ற கருத்தை விளக்கினார். ஏட்டறிவு தபாலிலே போகும். கைப்பழக்கமும் அனுபவமும் ஆளோடுதான் போகும். எனவே ஆள் தங்கும் இடத்திலே அறிவு தேங்கும். ஆள் மாறும் இடத்திலே அறிவு பெருகும். கல்வி, பொதுப் பணம், விலகிப் போகும் உரிமை, புதியவனை ஏற்கும் மனம் ஆகிய இந்நான்கும் கூடிய இடமே தொழில் குவியும் இடம். இதிலே மண்ணின் மகிமை எங்கே?

நான்காவதான புதியவனை ஏற்கும் மனம், அமெரிக்காவுக்குத் தானாக வந்ததன்று. நாட்டின் பெயர் பார்த்துக் குடியேற்றத்தை அளந்த பழைய சட்டம், கறுப்பரின் உரிமைப் போர் நாட்டை உலுக்கிய காலத்திலே, 1965இல் அகற்றப்பட்டது. ஆசியர்க்குக் கதவு திறந்தது. 1998ஆம் ஆண்டளவிலே, 1980க்குப் பின் பள்ளத்தாக்கிலே தோன்றிய தொழில்நுட்ப நிறுவனங்களிலே ஏறத்தாழ நான்கில் ஒன்றை நடத்தியவர்கள் சீனரும் இந்தியரும். தாழ்ந்த இனம் என்றாரே லீலண்டு ஸ்டான்போர்டு, அந்த இனத்தாரின் மக்கள்தாம் அவருடைய பல்கலைக் கழகத்து வாயிலிலே செல்வம் குவித்தனர்!

இத்தனை கூறுவதால் பள்ளத்தாக்கைச் சுவர்க்கம் என்று நாம் சொல்வதாகக் கருத வேண்டாம். ஒரு தலபுராணத்தை உடைத்துவிட்டு இன்னொன்றை எழுதுவது நம் வேலையன்று. கதவு திறந்திருந்ததால் செழித்த கம்பெனிகளே, கொழுத்தபின் அந்தக் கதவை அடைக்கச் சதி செய்தன. உன் ஆளை நான் அழைக்கமாட்டேன், என் ஆளை நீ அழைக்காதே என்று ஆப்பிள், கூகுள், இன்டெல் முதலிய கம்பெனிகள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டிருந்ததை எதிர்த்து 2010இல் அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. ஏறத்தாழ 64,000 ஊழியர்களின் சார்பிலே நடந்த வழக்கு, நான்கு கம்பெனிகள் 41 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க இசைந்ததன் பேரிலே 2015இல் தீர்ந்தது. சில்லுகளை ஆக்கிய பெண் தொழிலாளர்களோ, பெரும்பாலும் ஆசிய, மெக்சிக நாட்டு ஏழைகள். அமிலங்களின் நெடியிலே குறைந்த கூலிக்கு உழைத்தனர். 1980களின் தொடக்கத்திலே, தொழிற்சாலைத் தொட்டிகளிலிருந்து நஞ்சு கசிந்து குடிநீரிலே கலந்தது வெளிப்பட்டது. புகையில்லாத தொழில் என்று புகழப்பட்ட அந்த மாவட்டத்திலேதான், அமெரிக்காவிலே வேறெந்த மாவட்டத்தையும்விட மிகுதியான எண்ணிக்கையிலே, நச்சுக்கழிவால் கெட்ட இடங்கள் நடுவணரசின் சீரமைப்புப் பட்டியலிலே இடம் பெற்றன. கொட்டகை வரலாற்றுச் சின்னமாயிற்று. இந்தப் பெண்களின் பெயரைப் பொறித்த கல்லை யார் நட்டார்?

இனி, நம் நாட்டோடு இந்த வரலாறு பிணையும் இடத்துக்கு வருவோம். 1872இல் கலிபோர்னியா ஏற்ற அந்த விதி, அதே 1872இல் இந்தியாவிலும் சட்டமாயிற்று! இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, முறையான தொழிலைச் செய்யவிடாமல் எவரையும் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அதுவும் பீல்டு எழுதிய அதே மாதிரியிலிருந்து எடுத்தாளப்பட்டது. ஒரே விதை, இரண்டு நிலம். அங்கே அது காடாக வளர்ந்தது. இங்கே?

இங்கே, முன்பணம் வாங்கிய கூலியாள் வேலையைவிட்டுப் போனால் சிறை என்று 1859இல் செய்த சட்டம், இருபதாம் நூற்றாண்டின் 1920கள் வரை உயிரோடு இருந்தது. தேயிலைத் தோட்டத்துக் கூலிக்கு 27ஆம் பிரிவு எந்த மொழியிலே படித்துக் காட்டப்பட்டது? அதைவிடப் பெரிய ஒப்பந்தம் ஒன்று இங்கே இருந்தது. எவரும் கையெழுத்திடாத ஒப்பந்தம். தொட்டிலிலேயே பூட்டப்படும் ஒப்பந்தம். வண்ணான் மகன் வண்ணான், சக்கிலி மகன் சக்கிலி என்ற ஒப்பந்தம். அதற்கு எந்த நீதிமன்றமும் செல்லாது என்று தீர்ப்பு எழுதவில்லை; அது சாத்திரத்தின் முத்திரை பெற்றிருந்தது. தொழிலைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்று சட்டம் கூறி 81 ஆண்டுகள் கழிந்த பின், 1953இல், சென்னை மாநிலத்திலே என்ன திட்டம் வந்தது? பள்ளியிலே அரை நேரம், மீதி நேரம் அப்பன் தொழில்! குலக்கல்வி என்று அதன் முகமூடியைக் கிழித்துப் பெரியாரும் அண்ணாவும் இயக்கத் தோழர்களும் போராடினர். ஆச்சாரியார் பதவி விலகினார். 1954இல் காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்தப் போராட்டத்தைச் சாதிச் சண்டை என்று எள்ளியவர்கள் இன்றும் உண்டு. தொழில் வரலாற்றைப் படித்தால் தெரியும்: பிறந்த தொழிலைவிட்டு வெளியேறும் உரிமைக்காக நடந்த போர் அது, எண்மர் நடந்து வெளியேறிய அந்த வாயிலைப் போல, இங்கே இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்த போர்.

அந்த வாயில் வழியே படித்துச் சென்றவர்கள் இன்று பள்ளத்தாக்கிலும் இருக்கிறார்கள். அவர்களோடு கப்பலேறிப் போனது சாதியும்! அங்குள்ள பெரிய நிறுவனம் ஒன்றிலே, தாழ்த்தப்பட்ட வகுப்பிலே பிறந்த பொறியாளர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டார் என்று கலிபோர்னிய அரசின் துறையே 2020இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது; வழக்கிலே சேர்க்கப்பட்ட இரு தனிமனிதர்மீதான குற்றச்சாட்டு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. வழக்கின் முடிவு எதுவாயினும் ஆகுக. அதைத் தொடர்ந்து எழுந்த விவாதம் பொய்யன்று. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியிலே சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தது. கலிபோர்னியச் சட்டமன்றமும் அதே ஆண்டு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இருக்கிற சட்டங்களே போதும் என்று ஆளுநர் அதைத் தடுத்துவிட்டார். போதுமா? 27ஆம் பிரிவும்தான் 1872 முதல் ஏட்டிலே இருந்தது. ஏட்டிலே இருப்பது போதும் என்றால், குலக்கல்வியை எதிர்த்துத் தெருவிலே இறங்க வேண்டிய தேவையே இருந்திராது.

தோழர்களே! புதிய தொழில் நகரம், புதிய பூங்கா, புதிய பள்ளத்தாக்கு என்ற அறிவிப்புகள் நாடெங்கும் வந்துகொண்டே இருக்கும். தேங்காய் உடைத்து, திசை பார்த்து, பூமி பூசை போட்டு அடிக்கல் நாட்டுவார்கள். மண் மகிழ்ந்தால் தொழில் வளரும் என்று புரோகிதர் சொல்வார். நீங்கள் அங்கே சென்று நான்கு கேள்வி கேளுங்கள். அந்த வட்டாரத்து ஏழைப் பிள்ளை படிக்கத் தக்க கல்லூரியும் ஆய்வுக்கூடமும் எங்கே? பொதுப் பணம் போகிறதே, அது வெறும் கட்டடத்துக்கா, அறிவுக்கா? ஊழியன் எசமானைவிட்டு அச்சமின்றி வெளியேறலாமா, சங்கம் வைக்கலாமா, குடிக்கும் நீர் நஞ்சாகாமல் காக்கப்படுமா? எந்தத் தெருவிலே பிறந்தவனும், எந்தத் தெரு என்று கேட்கப்படாமல், அந்த வாயிலிலே நுழையலாமா?

நான்குக்கும் ஆம் என்ற விடை கிடைக்கும் ஊர், பாலைவனத்திலே இருந்தாலும் வளரும். விடை கிடைக்காத ஊருக்குக் கங்கையைக் கொண்டுவந்து ஊற்றினாலும் பயனில்லை. விடை கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.